பார்வை நரம்பு: கண்ணிலிருந்து மூளைக்கு ஒரு வாய்க்கால்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற பருவத்தில் எங்கள் விலங்கியல் ஆய்வகத்தில் மனிதக் கண்ணின் மாதிரி ஒன்றைப் பேராசிரியர் பிரித்துக் காட்டினார். கருவிழி, லென்சு, விழித்திரை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியாக, விழிக்கோளத்தின் பின்புறத்தில் மஞ்சள் நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்த தண்டைத் தொட்டு, "இதுதான் பார்வை நரம்பு. இது கெட்டுவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை" என்றார்.

அந்தச் சொல் என்னைத் திருக்காட்டுப்பள்ளியில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணைக்கே அழைத்துச் சென்றுவிட்டது. இரண்டு கண்ணிலும் பார்வை இழந்து, காலமாகும் வரை நான்கு ஆண்டுகள் அந்தத் திண்ணையில்தான் என் அப்பாயி உட்கார்ந்திருந்தார். அவரைப் பரிசோதித்த மருத்துவரும் இதையேதான் சொன்னார்: "நரம்பு பட்டுப்போச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது." அப்பொழுது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர்களும் இல்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். இன்று ஓரளவு விளங்குகிறது. விளங்கியதைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்ப்பது எது?

'கண் பார்க்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கண் ஒளியை வாங்கிக்கொள்கிறது; பார்ப்பது மூளையே. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி கருவிழி வழியாக உள்ளே நுழைந்து, லென்சால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் தலைகீழ் உருவமாக விழுகிறது. விழித்திரையில் இருவகை ஒளி செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் பயன்படும் கோல் செல்கள் ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். இவை ஒளியை மின் துடிப்புகளாக மாற்றுகின்றன. அத்துடிப்புகள் விழித்திரையிலேயே உள்ள வேறு சில நரம்பு செல்களைக் கடந்து, கடைசியில் முடிச்சு செல்களை வந்தடைகின்றன. இம்முடிச்சு செல்களின் நீண்ட இழைகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடி ஒரே கட்டாகக் கண்ணை விட்டு வெளியேறுகின்றன. அந்தக் கட்டே பார்வை நரம்பு ஆகும்.

ஒரு நரம்பில் ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் இழைகள் உண்டு. செல்களோ 12 கோடிக்கும் மேல். ஆகவே ஓர் இழைக்குச் சராசரியாக நூறு செல்கள் என்று கணக்காகிறது. ஆனால் இந்தப் பங்கீடு எங்கும் ஒன்றுபோல் இல்லை. விழித்திரையின் நடுவே உள்ள மஞ்சள் புள்ளியின் மையத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு கூம்பு செல்லுக்கும் தனி வழி உண்டு. ஓரப் பகுதிகளில் பல செல்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. எழுத்தைப் படிக்க நேராகப் பார்க்க வேண்டியிருப்பதும், கடைக்கண்ணால் படிக்க முடியாதிருப்பதும் இதனால்தான்.

நரம்பின் பாதை

பார்வை நரம்பு சுமார் 5 சென்டிமீட்டர் நீளமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் பருமனும் உடையது. மூளையிலிருந்து நேரடியாகத் தொடர்புபெறும் 12 இணைக் கபால நரம்புகளில் இது இரண்டாவது. பெயர் நரம்பே தவிர, இயல்பில் இது மூளையின் நீட்சி எனலாம். மூளையை மூடியிருக்கும் உறைகளே இதையும் மூடியுள்ளன. கரு வளரும்பொழுது மூளையிலிருந்து புடைத்து வெளிவந்த பகுதியே விழித்திரையாகவும் பார்வை நரம்பாகவும் உருவெடுக்கிறது.

இரு கண்களின் நரம்புகளும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே ஒன்றுகூடுகின்றன. மூக்குப் பக்கத்து விழித்திரையிலிருந்து வரும் இழைகள் இங்கே குறுக்காக எதிர்ப்பக்கம் செல்கின்றன. பொட்டுப் பக்கத்து இழைகள் தம் பக்கத்திலேயே தொடர்கின்றன. இதன் பயனாக, நமக்கு வலப்புறம் உள்ள காட்சி இரு கண்களிலிருந்தும் இடப்பக்க மூளைக்கும், இடப்புறக் காட்சி வலப்பக்க மூளைக்கும் போய்ச் சேருகிறது. பின்னர் இழைகள் தலாமஸ் பகுதியில் கைமாறி, தலையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடலை அடைகின்றன. காட்சி என்பது அங்கேதான் உருப்பெறத் தொடங்குகிறது.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பிரிவுகள் புதியவை அல்ல. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. எங்கள் ஊரில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. எந்த வயல் காய்கிறது என்று பார்த்தே எந்த மதகில் அடைப்பு என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மருத்துவரும் அப்படியே செய்கிறார். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தால் கோளாறு கூடுமிடத்திற்கு முன்னால், அதாவது அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ உள்ளது. பிட்யூட்டரிக் கட்டி கூடுமிடத்தை அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்புறக் காட்சி மறைகிறது. கூடுமிடத்திற்கு அப்பால் பழுதானால் இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதிக் காட்சி போய்விடுகிறது.

எல்லா இழைகளும் பார்ப்பதற்காகவே உள்ளவை அல்ல. சில இழைகள் நடுமூளைக்குச் சென்று, ஒளிக்கேற்பக் கண்மணியைச் சுருக்குகின்றன. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பது நரம்பின் நலத்தை அறியும் ஓர் எளிய சோதனையாகும். வேறு சில இழைகள் ஹைப்போதலாமஸுக்குச் சென்று, இது பகல், இது இரவு என்று உடலுக்குத் தெரிவிக்கின்றன. இதைப் படித்தபொழுது எனக்கு ஒரு நினைவு வந்தது. பார்வை போன பிறகு அப்பாயி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "விடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்பார். வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்தோம். விடிந்ததைச் சொல்லும் இழைகளும் பட்டுப்போயிருக்கக் கூடும் என்று இன்று எண்ணுகிறேன்.

ஒரு சிறு சோதனை

நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி செல்கள் இல்லை. அங்கே விழும் ஒளி தெரிவதில்லை. 1660-களில் இதைக் கண்டறிந்தவர் எட்மே மாரியட் என்ற பிரெஞ்சு அறிஞர். இதற்குக் குருட்டுப் புள்ளி என்று பெயர்.

நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்புறம் ஒரு பெருக்கல் குறியும் வலப்புறம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக் கண்ணை மூடிக்கொண்டு, வலக் கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரும்புள்ளி மறைந்துவிடும்.

புள்ளி இருந்த இடத்தில் நமக்கு ஓட்டையோ இருட்டோ தெரிவதில்லை. வெறும் வெள்ளைத் தாளே தெரிகிறது. சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டு மூளை அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற வி. எஸ். இராமச்சந்திரன் இந்த இட்டு நிரப்புதலை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர். இச்சோதனையை வேடிக்கையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பார்வையில் ஒரு பகுதி போனாலும் மூளை அதை நம்மிடம் சொல்லாது என்ற உண்மை இதில் அடங்கியுள்ளது. என் அப்பாயியின் கண்ணைக் கெடுத்தது இந்த மௌனமேயாகும்.

சரபோஜியும் ஹெல்ம்ஹோல்ட்சும்

கண் மருத்துவத்திற்கும் நம் தஞ்சைக்கும் பழைய உறவு உண்டு. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் பேரார்வம் கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகள் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களை வண்ணத்தில் தீட்டிய படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நோயாளிக்கு நோயாளி இவ்வாறு பதிவு செய்து வைத்தது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

ஆயினும் அந்த ஓவியர்கள் வரைந்தது கண்ணின் முன்புறத்தை மட்டுமே. உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் நோக்கி நரம்பைக் காணும் கருவி அன்று உலகில் எங்கும் இல்லை. மன்னர் மறைந்து 19 ஆண்டுகள் கழித்து, 1851இல், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் ஆப்தால்மோஸ்கோப் கருவியை வெளியிட்டார். அதன் வழியே நோக்கினால் பார்வை நரம்பின் தலை வெளிறிய வட்டத் தட்டாகவும், அதன் நடுவே சிறு குழியாகவும் தெரியும். உடலைக் கீறாமல் ஒரு நரம்பை நேரில் காணக்கூடிய இடம் இது. அந்தக் குழி எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதுதான் இனிச் சொல்லப்போகும் நோயின் முக்கிய அடையாளம்.

வடிகால் அடைபட்டால்

வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகாலும் அவ்வளவு முக்கியம் என்பது டெல்டாக்காரர்கள் அனைவரும் அறிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் அடைத்துக்கொண்டால் சம்பாப் பயிர் அழுகிவிடும். கண்ணுக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. லென்சுக்குப் பக்கத்தில் உள்ள திசு ஓயாமல் ஒரு தெளிந்த நீரைச் சுரக்கிறது. அந்நீர் கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகாலில் வெளியேறுகிறது. வடிவது குறைந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பான அழுத்தம். அது ஏறும்பொழுது, கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் நரம்பின் இழைகள் நசுங்கிச் சிறுகச் சிறுகப் பட்டுப்போகின்றன. இதுவே கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய். அழுத்தம் இயல்பாக இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதுண்டு. ஆகவே அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

இந்நோயின் ஒரு வகையில் கண் சிவந்து, தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆனால் பெரும்பாலோர்க்கு வருகிற வகையில் வலியே இல்லை. ஓரக் காட்சி முதலில் குறைகிறது. நேர்ப் பார்வை கடைசி வரை நிற்கிறது.

அப்பாயிக்கு நடந்ததும் இதுதான். களத்து வாசற்படியில் அடிக்கடி இடறுவார். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. ஆனால் எதிரே நிற்கும் ஆளை நன்றாக அடையாளம் காண்பார். அரிசியில் கல் பொறுக்குவார். பார்வை மங்குகிறது என்று அவரே சொன்னபொழுது, "புரை விழுந்திருக்கு, நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். குறுவை முடியட்டும், தாளடி முடியட்டும் என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். புரை என்பது லென்சு மங்குவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்சு வைத்தால் பார்வை திரும்பும். கருவிழி பழுதானால் கண்தானமாகப் பெற்ற கருவிழியை வைக்கலாம். பட்டுப்போன பார்வை நரம்பை மட்டும் மாற்ற இன்றுவரை வழியில்லை. காத்திருக்கக் கூடாத நோய்க்கு நாங்கள் காத்திருந்துவிட்டோம்.

இங்கே விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. மீனுக்கும் தவளைக்கும் பார்வை நரம்பு அறுந்தால் மீண்டும் வளர்கிறது. 1940-களில் ரோஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய விலங்குகளின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். இழைகள் வளர்ந்து மூளையில் தத்தம் பழைய இடங்களையே சேர்ந்தன. ஆனால் கண் திரும்பியிருந்ததால் அவை மேலே உள்ள இரைக்குக் கீழே பாய்ந்தன. அவர் 1981இல் மூளையின் இரு பாதிகள் பற்றிய ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றார். வயல் தவளைக்கு வாய்த்த இப்பேறு மனிதனுக்கு வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டின் பங்கு

இந்நோயை எதிர்த்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையில் 1819இல் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இன்று அது எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆர். எச். எலியட், 1909இல், கண்ணின் வெள்ளைப் படலமும் கருவிழியும் சேரும் ஓரத்தில் சிறிய வட்டத் துளையிட்டு நீருக்குப் புதிய வடிகால் அமைக்கும் அறுவை முறையைத் தொடங்கினார். பல நாடுகளிலும் அம்முறை கையாளப்பட்டது. 1968இல் கெய்ர்ன்ஸ் வெளியிட்டு இன்றும் வழக்கில் உள்ள அறுவை முறையிலும் அந்த வடிகால் கருத்தே திருந்திய வடிவில் உள்ளது.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நிறுவனத்தார் 1990-களில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்தனர். நூற்றுக்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. நாற்பது பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். பின்னர் சென்னையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நடந்த ஆய்வில், நோய் காணப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

நரம்புக்கு வேறு பகைவர்களும் உள்ளனர். அறுவடைக் காலத்தில் தூசு பட்டுக் கண் அரித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும். காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்ப்யூட்டால் மாத்திரையால் சிலருக்கு நிறப் பார்வை மங்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. உயிர் தப்பியவர்களிலும் சிலர் பார்வையை இழக்கிறார்கள்.

என் தந்தையார்

நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் கிளாக்கோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயியின் மகன் என் அப்பா. வயது 49. மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். "எனக்கு என்னடா? எதிர்க் கரையில நிக்கிற கொக்கு தெரியுது" என்றார். நடவு முடிந்து ஒரு நாள் ஓய்வு கிடைத்தபொழுது வற்புறுத்தித் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றேன். வலக் கண்ணில் அழுத்தம் 28, இடக் கண்ணில் 24. நரம்பின் குழி அகலத் தொடங்கியிருந்தது. ஒளிப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனையில், வலக் கண்ணின் மூக்குப் பக்கம் ஒரு பகுதி தெரியவில்லை என்று தாளில் கருமையாக அச்சாகி வந்தது. தினமும் இரவில் ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார்கள்.

பேருந்தில் திரும்பும்பொழுது அப்பா கேட்டார்: "மருந்து விட்டா போன பார்வை வருமா?"

"வராதுப்பா. இருக்கிறது போகாம இருக்கும்."

"தெரியுற கண்ணுக்கு எதுக்குடா மருந்து?"

நான் படித்ததை எல்லாம் சொன்னேன். இழை, அழுத்தம், குருட்டுப் புள்ளி என்று எதுவும் எடுபடவில்லை. கடைசியில், "ஓரத்துல இருக்கிற பார்வைதாம்பா முதல்ல போகும். நடுவுல நல்லா இருக்கிறதால தெரியாது" என்றேன். சிறிது நேரம் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "கடைமடை காயிறது தலைமடைக்காரனுக்கு எங்க தெரியப்போவுது?" என்றார். அதற்குப் பிறகு மருந்தைப் பற்றி அவர் கேள்வி கேட்கவில்லை. எனக்கும் பரிசோதனை செய்தார்கள். இப்பொழுது குறையில்லை, ஆண்டுதோறும் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலரும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பாடநூலில் உள்ள ஒரு வரி நம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நாம்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்பொழுது 40 வயதைக் கடந்த பெற்றோரை ஒரு முறை கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிக்கு எண் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், "கண் அழுத்தமும் நரம்பும் பாருங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் யாருக்கேனும் இந்நோயால் பார்வை போயிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பாயிக்கு நாங்கள் செய்தது அதுதான். விடுதியிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். "விட்டாச்சுப்பா, நீ படி" என்கிறார் அப்பா.